கதவின் உட்பக்கம்

ஒரு மெஷினுக்கு ஒரு தடவை கூப்பிட்டால் அது பழுது. இரண்டாம் தடவை கூப்பிட்டால் கெட்ட நேரம். மூன்றாம் தடவையும் கூப்பிட்டால் மெக்கானிக் சரியில்லை. தொழிலில் இதுதான் கணக்கு. அதனால் பால் கடை முதலாளியின் நம்பரை மூன்றாம் தடவையாகப் போனில் பார்த்ததுமே, எடுத்துப் பேசும் முன்பே, அவள் கருவிப் பையைத் தோளில் மாட்டினாள்.

"ஏம்மா, நீ பாத்துட்டுப் போனா ரெண்டு நாள் ஓடுது, மூணாம் நாள் மத்தியானம் படுத்துக்குது. உள்ள இருக்கற பால் அத்தனையும் திரிஞ்சு போச்சுன்னா நீயா குடிப்பே?"

"இதோ வந்துடறேன் சார்."

"வா. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. நாலு மணிக்குப் புது மெஷின் விக்கிறவன் வர்றான். அதுக்குள்ள என்னன்னு கண்டுபிடிக்கலன்னா இந்தப் பழச கழட்டி இரும்புக் கடைக்குப் போட்டுடுவேன். உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

அவளுக்கு அதில் நிம்மதி இல்லை. ஏன் இல்லை என்று முதலாளியிடம் சொல்லவும் முடியாது.

டயர் கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தாள். கதவைப் பூட்டிவிட்டுப் போனால் திரும்பி வரும்வரை உள்ளே ஒரு பொருள் இடம் மாறியிருக்காது. காலையில் தொட்டி விளிம்பில் வைத்த டம்ளர் சாயங்காலமும் அதே விளிம்பில் உட்கார்ந்திருக்கும். கூடப் பிறந்தவன் ஒருவன் உண்டு, அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு தனியாக இருந்தான். அண்ணியிடமிருந்து போன் வந்தால் அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் ஓடவில்லை என்று அர்த்தம். ஃப்ரிட்ஜ் நன்றாக ஓடுகிற மாதங்களில் அண்ணி நலமாக இருக்கிறாள் என்று இவளாக நினைத்துக்கொள்வாள்.

அவள் கைவேலை சுத்தமானது. அதுதான் வினை. ஒழுங்காகப் பழுது பார்த்த இடத்திலிருந்து யாரும் திரும்பக் கூப்பிடுவதில்லை. டாக்டரிடம் போனவன் குணமான பிறகு டாக்டர் வீட்டுக்கு விருந்தாளியாகவா போகிறான்? வேலை மோசமான மெக்கானிக்குக்கு ஊரெல்லாம் பழக்கம். இவளுக்கு ஊரெல்லாம் ஓடுகிற மெஷின்.

இன்னொன்றும் உண்டு. பையைத் தூக்கிக்கொண்டு எந்தக் கடையில் நுழைந்தாலும் முதலில் அவள் தோளுக்குப் பின்னால்தான் பார்ப்பார்கள்.

"மெக்கானிக் எங்கம்மா?"

"நான்தாங்க."

"இல்ல, மெயின் மெக்கானிக்?"

பயிற்சிப் பள்ளியில் முப்பது பையன்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாகப் படித்து முடித்துப் பதினாறு வருஷம் ஆகிவிட்டது. அவள் தோளுக்குப் பின்னால் இன்னும் அந்த மெயின் மெக்கானிக் வந்து சேரவில்லை.

ஸ்கூட்டரைக் கடையின் பின்வாசலில் நிறுத்தினாள். குளிர் அறையைக் கவனித்துக்கொள்பவர் அங்கே காத்துக்கொண்டிருந்தார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் கனமான கறுப்புக் கோட்டைக் கழற்றாத மனிதர். எல்லோருக்கும் அவர் கரடியார். இவளுக்கும்தான்.

"வாங்க மெக்கானிக்கம்மா. உங்க வண்டிச் சத்தம் கேட்டதுமே பயந்துபோய் ஓட ஆரம்பிச்சிருக்கும், போய்ப் பாருங்க."

"ஓடுதா?"

"எங்க ஓடுது! சும்மா உங்க மனசு நோகக் கூடாதேன்னு சொன்னேன். அரைமணி நேரமா பொணமாட்டம் கெடக்கு."

"உள்ள எவ்வளவு இருக்கு கரடியாரே?"

"நாலு டிகிரில இருந்தது, இப்ப ஒம்பது. முதலாளிக்கு நூத்தி நாலு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அதை வெளியே விடுவதற்குள் கரடியார் உள்ளே போய்விட்டார்.

குளிர் அறைக்கான மெஷின் பின்முற்றத்தில், சுவரோரம், ஆளுயர இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியின் முன்பக்கம் கதவு, அதில் காற்றுப் போகப் பட்டைப் பட்டையாக வெட்டிய சந்துகள். கதவைத் திறந்தால் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கண்டன்சர், அதாவது அறையிலிருந்து உறிஞ்சிய சூட்டை வெளியே தள்ளும் தகட்டு அடுக்கு. அதற்குப் பின்னால் ஃபேன், அதற்கும் பின்னால் கம்ப்ரசர். ஃபேன் சுற்றினால் காற்று சந்து வழியே நுழைந்து தகடுகளை ஊடுருவிப் போகும். மூச்சு மாதிரி.

நான்கு திருகுகளைக் கழற்றிக் கதவைத் திறந்தாள். வழக்கம்போல முதலில் மெஷினைப் பார்க்கவில்லை. கதவின் உட்பக்கத்தைத்தான் பார்த்தாள்.

பழுது பார்த்தவர்கள் தேதியையும் பிரஷரையும் உள்ளே எங்காவது மார்க்கரால் எழுதிவிட்டுப் போவது தொழில் வழக்கம். நாலு வருஷத்துக்கு முன்னால் முதல் தடவை வந்தபோது அவளும் கதவின் உட்பக்கத்தில் எழுதினாள். தேதி, பிரஷர், "கெபாசிட்டர் மாத்தியாச்சு." அவ்வளவுதான். அடுத்த தடவை வந்தபோது அதற்குக் கீழே ஊதா நிறத்தில் வேறு கையெழுத்து:

"தம்பி, வயரை அழகா கட்டியிருக்கே. எலி நடமாட்டம் இருக்கு, ஒரு குழாய் போட்டு மூடிடு."

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமையில், கடை திறக்கும் முன்பு ஒரு கம்பெனியிலிருந்து ஆள் வந்து மெஷினைக் கழுவித் துடைத்துவிட்டுப் போவது அவளுக்குத் தெரியும். திடீர்ப் பழுதுக்கு அந்தக் கம்பெனியைக் கூப்பிட்டால் மூன்று நாள் ஆகும் என்பதால் முதலாளி இவளைக் கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை கரடியாருக்கு விடுமுறை. வருபவரை அவர் பார்த்ததில்லை.

தம்பி என்ற சொல்லை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் வரவில்லை. தோளுக்குப் பின்னால் யாரையும் தேடாமல் நேராக அவளோடு பேசிய முதல் ஆள். குழாய் போட்டு வயரை மூடிவிட்டு, "சரி அண்ணே" என்று எழுதினாள்.

அதோடு பிடித்துக்கொண்டது. மூன்று மாதத்துக்கு ஒரு வரி, சில சமயம் இரண்டு. பழுதே இல்லாதபோதும் அந்தப் பக்கம் போகிற சாக்கில் வந்து, "சும்மா ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்" என்று கரடியாரிடம் சொல்லிவிட்டுக் கதவைத் திறப்பாள்.

"அண்ணே, உள்ள பல்லி ஒண்ணு குடியிருக்கு. விரட்டட்டுமா?"

"இருந்துட்டுப் போகட்டும் தம்பி. வாடகையா கேக்கப் போறோம்?"

ஒருமுறை தகட்டின் ஓரம் அவள் ஆள்காட்டி விரலை ஆழமாகக் கிழித்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலையை முடித்தாள். அடுத்த முறை வந்தபோது, கதவில் காய்ந்திருந்த கறையைச் சுற்றி ஊதா மார்க்கரால் வட்டம் போட்டு எழுதியிருந்தது: "இது யார் ரத்தம்? உன்னோடதா? ஊசி போட்டியா?"

அதற்குள் விரல் ஆறித் தழும்பாகிவிட்டது. இருந்தாலும் அன்றைக்கு அதைத்தான் தடவிக்கொண்டே இருந்தாள். அந்த விரலைப் பற்றிக் கேட்ட ஆள் உலகத்தில் அந்த ஒருவர்தான். "ஆறிடுச்சு அண்ணே" என்று எழுதினாள். தம்பி இல்லை என்பதையும் அன்றே எழுதியிருக்கலாம். ஆனால் எழுதிவிட்டால் ஊதாக் கையெழுத்து தயங்கும், மரியாதை வரும், கடைசியில் நின்றே போகும் என்று பயந்தாள். நாள் போகப் போக அந்தப் பொய் சுவரில் அடித்த ஆணிபோல் இறுகிவிட்டது.

இப்போது கதவு முழுக்க எழுத்து, விளிம்பில் விரற்கடை அளவுதான் இடம் மிச்சம். அந்தக் கதவுதான் நாலு மணிக்கு இரும்புக் கடைக்குப் போகப் போகிறது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வேலையில் இறங்கினாள்.

மெஷின் நின்றதற்கு நேரடிக் காரணம் முதல் தடவையே தெரிந்ததுதான். உள்ளே பிரஷர் எல்லை மீறினால் தானாகவே கரண்டைத் துண்டித்துவிடும் ஸ்விட்ச் ஒன்று உண்டு. அது துண்டித்திருந்தது. அதன் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மெஷின் மறுபடி ஓடும். ஆனால் பிரஷர் ஏன் ஏறியது? முதல் தடவை ஸ்விட்சே கெட்டிருக்கும் என்று மாற்றினாள். இரண்டாம் தடவை ஃபேன் மோட்டாரைச் சோதித்தாள், கேஸ் அளவைச் சரிபார்த்தாள். எல்லாம் பத்தரை மாற்றுத் தங்கம்.

பொத்தானை அழுத்தினாள். மெஷின் உறுமிக்கொண்டு எழுந்தது. பிரஷர் மீட்டரை மாட்டிக் கால்மணி நேரம் பார்த்தாள். முள் இருக்க வேண்டிய இடத்திலேயே நின்றது. டாக்டரைக் கண்டதும் பல்வலி நின்றுபோன மாதிரி.

"ஓடுதே!" என்றார் எட்டிப் பார்த்த கரடியார்.

"நான் நின்னா ஓடுது. நான் போனா நிக்குது."

"அப்ப இங்கேயே ஒரு கட்டில போட்டுடுவோம். உங்களுக்கும் வீட்டு வாடகை மிச்சம்."

தான் சொன்ன வாக்கியமே அவள் காதில் சுற்றிக்கொண்டிருந்தது. நான் நின்றால் ஓடுகிறது. நான் நிற்கும்போது என்ன வித்தியாசம்? கதவு திறந்திருக்கிறது. போகும்போது கதவைச் சாத்தித் திருகிவிட்டுப் போகிறேன்.

மணி இரண்டரை. மீட்டரின் குழாய்களை அடியில் இருந்த ஓட்டை வழியே வெளியே எடுத்துக் கதவைச் சாத்தினாள். நான்கு திருகுகளையும் முடுக்கினாள். மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு கவிழ்த்த பால் கூடை மேல் உட்கார்ந்தாள்.

ஐந்து நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு முள் மெல்ல, திருடனைப் போல, ஒரு கோடு ஏறியது. இன்னொரு கோடு. அவள் எழுந்து டார்ச்சை அடித்துக் கதவின் சந்தில் கண்ணை வைத்தாள். உள்ளே தகட்டு அடுக்கின் மேல் வெள்ளையாக, அகலமாக எதுவோ ஒட்டியிருந்தது. ஓரம் மட்டும் படபடவென்று துடித்தது.

காகிதம்.

எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. கதவு சாத்தியிருக்கும்போது அடிச்சந்து வழியே புகுகிற காற்று கீழே கிடக்கும் காகிதத்தைத் தூக்கித் தகட்டின் மேல் அப்பிவிடுகிறது. மெஷினுக்குப் பாதி மூச்சு போய்விடுகிறது. காலையிலும் இரவிலும் பாதி மூச்சில் சமாளிக்கும். வெயில் ரொம்பக் கடுமையான மத்தியானத்தில் முடியாது, பிரஷர் ஏறி ஸ்விட்ச் விழும். ஸ்விட்ச் விழுந்தால் ஃபேனும் நிற்கும். ஃபேன் நின்றால் காகிதம் வழுக்கிக்கொண்டு தகட்டுக்கும் அடித்தட்டுக்கும் நடுவே உள்ள ஒடுக்கமான பிளவில் விழுந்துவிடும், தபால் பெட்டியில் கடிதம் விழுகிற மாதிரி. அவள் வந்து கதவைத் திறக்கும்போது ஒன்றும் இருக்காது.

மெஷினை நிறுத்தினாள். உள்ளே சரக்கென்று சத்தம் கேட்டது. கதவைத் திறந்து, நீள மூக்குக் குறடைப் பிளவுக்குள் விட்டு, மெதுவாக இழுத்தாள்.

பெரிய, வழவழப்பான மாதக் காலண்டர் தாள் ஒன்று வந்தது. மேல் விளிம்பில் ஒட்டு நாடா காய்ந்துபோய்த் தொங்கியது. யாரோ அதைக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். சூட்டில் பசை விட்டுவிட்டது. பின்பக்கத்தில், மேலிருந்து கீழ் வரை, ஊதா எழுத்து.

"தம்பி" என்று தொடங்கியது.

அடுத்த வரிக்குக் கண் போவதற்குள் பின்னால் செருப்புச் சத்தம். முதலாளி வந்துகொண்டிருந்தார்.

"என்னம்மா, கெடைச்சுதா? கையில என்ன அது?"

இது கம்பெனி ஆள் ஒட்டிய தாள் என்று சொன்னால் தன் பேர் பிழைக்கும். ஆனால் முதலாளி அந்த நிமிஷமே கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்துவார். ஊதா மார்க்கரின் பிழைப்பில் மண் விழும். சொல்லாவிட்டால், மூன்று தடவை வந்தும் கண்டுபிடிக்கத் தெரியாதவள் என்ற பேரோடு அவள் போக வேண்டும், மெஷினும் போகும்.

எழுத்து உள்ளே போகும்படி அவள் தாளை மடித்து, அச்சடித்த பக்கத்தை மட்டும் முதலாளி பக்கம் நீட்டினாள்.

"இதுதான் சார் உள்ள போய்க் காத்த அடைச்சிருக்கு. உங்க கடைக் காலண்டர்."

அது அந்தக் கடை வருஷா வருஷம் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் காலண்டர்தான். மேல் பாதியில் முதலாளியே கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளாகத் தகடுகளில் அழுந்தியதில் அவர் முகம் முழுக்கச் சீப்பால் வாரியதுபோல் கறுப்புக் கோடு.

முதலாளி தன் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"இது எப்படி உள்ள போச்சு?"

"காத்து இழுத்திருக்கும் சார்." அது பொய் இல்லை. மீதியைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"சும்மா சொல்லக் கூடாது," என்றார் கரடியார், கோட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு. "வேற யாராலயும் முடியாது. முதலாளியே நேரா உள்ள போய் உக்காந்து மூச்ச நிறுத்தியிருக்காரு."

"யோவ், உன் வேலையைப் பாருய்யா!" என்று முதலாளி சீறினார். ஆனால் அதற்கு மேல் ஒன்றும் பேச முடியவில்லை. தன் மூஞ்சியைத் தானே எப்படித் திட்டுவது? போகும்போது கரடியாரிடம், "நாலு மணிக்கு வர்றவன அடுத்த வருஷம் வரச் சொல்லி அனுப்பிடு. குப்பையையும் ஒழுங்கா கூட்டச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவளைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. திட்டாமல் போனதே பாராட்டு என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

கதவைச் சாத்தி மெஷினை ஓடவிட்டாள். முள் அசையவில்லை. கரடியாரும் உள்ளே போன பிறகு, அடுக்கியிருந்த காலிப் பால் கூடைகளின் நிழலில் உட்கார்ந்து தாளைப் பிரித்தாள்.

"தம்பி, கதவுல இடம் தீந்துபோச்சு. முதலாளி முதுகுல எழுதறேன், பொறுத்துக்கோ.

மெஷின் விஷயம் மொதல்ல. ஃபேன் பேரிங் லேசா முனகுது, அடுத்த வெயிலுக்குள்ள மாத்திடு. கீழ்வரிசைத் தகடு நாலு மடங்கியிருந்தது, நிமித்திட்டேன். பல்லி இப்ப ரெண்டா இருக்கு. இனிமே வாடகை கேக்கலாம்.

நான் இனிமே வரமாட்டேன். என்னை வேற பக்கம் போட்டுட்டாங்க, துறைமுகத்துல மீன் கிடங்குங்களுக்கு. அடுத்த தடவை வேற ஆள் வருவான். அவன் எழுதுவானா மாட்டானான்னு தெரியல.

போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடணும். நாலு வருஷமா அண்ணே அண்ணேன்னு எழுதறே. நான் அண்ணன் இல்ல தம்பி, அக்கா. மொதல்லயே சொல்லியிருக்கலாம். பொம்பளன்னு தெரிஞ்சா எல்லாரும் பேசற தோரணையே மாறிடும். நீ ஒரு மெக்கானிக்குகிட்ட பேசற மாதிரி எங்கிட்ட பேசினே. அதக் கெடுத்துக்க மனசு வரல.

நம்பர் எழுதலாம்னு பேனாவ வச்சேன். அப்புறம் எடுத்துட்டேன். நீ நல்ல பையன்தான், எனக்குத் தெரியும். இருந்தாலும் ஆம்பளைக்கு நம்பர் குடுத்து நான் ஒரு தடவை பட்டது போதும். தப்பா எடுத்துக்காதே. நீ பொண்ணா இருந்திருந்தா குடுத்திருப்பேன்.

வெரல பத்திரமா பாத்துக்கோ.

அக்கா."

அதற்குக் கீழே, பேனாவை ஊன்றி எடுத்த இடத்தில், ஓர் ஊதாப் புள்ளி இருந்தது. வேறொன்றும் இல்லை.

அவள் கடைசியிலிருந்து மேலே இன்னொரு தடவை படித்தாள். நீ பொண்ணா இருந்திருந்தா. அந்தப் புள்ளியின் மேல் ஆள்காட்டி விரலை வைத்தாள். தழும்பு சரியாக அதை மூடிக்கொண்டது. ஒரு சொல். கதவில் எத்தனை இடம் இருந்தபோது எழுதியிருக்கலாம்.

உள்ளே போய்க் கரடியாரிடம் கம்பெனியின் நம்பரைக் கேட்டு வாங்கினாள். யாரையும் தானாகக் கூப்பிட்டுப் பேசுவது அவளுக்கு எப்போதும் மலையேறுகிற வேலை. முற்றத்தில் மூன்று சுற்று நடந்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினாள்.

"சொல்லுங்க," என்றது ஒரு அவசரக் குரல்.

"இங்க பால் கடைக்கு சர்வீஸுக்கு வந்துட்டிருந்தாங்களே, ஒரு மெக்கானிக். அவங்க நம்பர் வேணும்."

"பேரு?"

அவளுக்குப் பேர் தெரியாது. "அக்கா," என்றாள்.

"எங்ககிட்ட அக்கா தங்கச்சியெல்லாம் கெடையாதும்மா. டெக்னீசியன்தான் இருக்காங்க."

"இப்ப துறைமுகத்துப் பக்கம் மாத்தியிருக்கீங்களே, அவங்க."

"ஓ, அவங்களா? நீங்க யாரு?"

நாலு வருஷம் பேசிய ஆளுக்குத் தான் யார் என்று எப்படிச் சொல்வது? "நானும் மெக்கானிக்தான்," என்றாள்.

"வெளியாளுக்கு எங்க ஆளுங்க நம்பர் குடுக்கறதில்ல. ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க, எழுதி வைக்கிறேன்."

"தம்பி இல்ல, தங்கச்சின்னு சொல்லுங்க."

"எது?"

"அப்படியே சொல்லுங்க. அவங்களுக்குப் புரியும். என் நம்பரையும் எழுதிக்கறீங்களா?"

அவள் நம்பரைச் சொன்னாள். அந்தப் பக்கம் பேனா ஓடுகிற சத்தம் கேட்கிறதா என்று காதை அழுத்திவைத்துக் கேட்டாள். வேறு போன் ஒன்று மணியடிக்கிற சத்தம்தான் கேட்டது.

"சரிம்மா," என்று வைத்துவிட்டார்கள்.

நாலு மணி அடித்து ஓய்ந்தது. முள் இடத்தை விட்டு அசையவில்லை. அவள் மெஷினை நிறுத்திக் கதவைத் திறந்து மீட்டரைக் கழற்றினாள். பிறகு மார்க்கரை எடுத்தாள். கீல் ஓரமாக மிஞ்சியிருந்த விரற்கடை இடத்தில், எழுத்தைக் குறுக்கிக் குறுக்கி, தேதியையும் பிரஷரையும் எழுதினாள். அதன் கீழே: "அடுத்து வர்றவங்களுக்கு. துறைமுகத்துக்குப் போன அக்காவைப் பாத்தா சொல்லுங்க, இங்க இருந்தது தங்கச்சி." அதன் கீழே நம்பர். கடைசி எண்ணுக்கு இடம் போதவில்லை. கதவின் விளிம்பைத் தாண்டி மடக்கில் எழுதினாள்.

தாளை எட்டாக மடித்துக் கருவிப் பையில், மீட்டருக்கு அடியில் வைத்தாள்.

மெஷினை ஓடவிட்டுக் கதவைச் சாத்தினாள். மூன்றாவது திருகை முடுக்கும்போது உள்ளே பல்லி ஒன்று சத்தமிட்டது. இரண்டில் எது என்று தெரியவில்லை. அவள் கையை நிறுத்திக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு நான்காவது திருகையும் முடுக்கினாள்.